பாலக் வேறு, பசலை வேறு: ஆலு பாலக் குறிப்பு தமிழுக்கு வந்த கதை

பாகிஸ்தான் வீடுகளில் அவசரத்துக்குச் செய்கிற கறி ஒன்று உண்டு. ஆலு பாலக். உருளைக்கிழங்கு, பாலக் கீரை, ஒரு வெங்காயம், ஒரு தக்காளி, பூண்டு, மிளகாய்த்தூள். அவ்வளவுதான். இது தமிழில் எப்படி எழுதப்படுகிறது என்று ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல் தளங்கள், பத்திரிகை இணைப்புகள், காணொளிக்குக் கீழே எழுதுகிற செய்முறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைத்தேன். ருசியைப் பற்றி இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. என் புகார் இரண்டு சொற்கள் மேல். ஒன்று பெயர்ச்சொல், இன்னொன்று வினைச்சொல். இரண்டும் தப்பாகப் போனதால், தமிழில் இந்தக் கறியைப் படித்துச் செய்கிறவர் வேறு ஏதோ ஒன்றைச் செய்து முடிக்கிறார்.

முதலில் பெயர்ச்சொல். நான் சேர்த்தவற்றில் பெரும்பாலானவை 'பாலக்' என்ற இடத்தில் 'பசலைக்கீரை' என்று போட்டிருக்கின்றன. சிலர் தலைப்பில் பாலக் என்றும் தேவையான பொருட்களில் பசலை என்றும் எழுதுகிறார்கள். ஒரே நிரலுக்குள் ஒரே மாறிக்கு இரண்டு பெயர் வைத்தால் கம்பைலர் கத்தும். சமையல் குறிப்புக்குக் கம்பைலர் கிடையாது. அடுப்படியில் நிற்கிற ஆள்தான் கத்த வேண்டும்.

பசலை என்று எங்கள் பக்கம் சொல்வது கொடியை. கிணற்றடியிலும் வேலியிலும் ஏறி, தடித்த வழவழப்பான இலையும் ஊதா நிறப் பழமுமாக நிற்கும். தாவரவியலில் பாசெல்லா ஆல்பா. இந்தியில் இதற்குப் போய், வங்காளத்தில் புய் ஷாக். தரையில் படர்கிற தரைப்பசலை அதுவும் இல்லை, அது போர்ச்சுலாகா இனம். பாலக் என்று ஆங்கிலப் பெட்டியில் 'ஸ்பினாச்' ஆகிறது ஸ்பினாசியா ஒலெரேசியா. பாரசீகப் பக்கம் பிறந்த செடி; சீனர்கள் அதைப் பாரசீகக் கீரை என்றே அழைத்தார்கள். கொடி இல்லை, வழவழப்பு இல்லை, ஒரு பருவத்துச் செடி.

வேடிக்கை என்னவென்றால், நம் அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் அமராந்தேசியே குடும்பம். ஸ்பினாசியாவும் இன்றைய வகைப்பாட்டில் அதே அமராந்தேசியேதான். பசலை பாசெல்லேசியே என்ற தனிக் குடும்பம். ஆக, திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் கூடையில் வருகிற அரைக்கீரை, பாலக்குக்குப் பங்காளி. பசலை பக்கத்து வீட்டுக்காரர். மொழிபெயர்ப்பாளர் பங்காளியை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் போய்ப் பெண் கேட்டிருக்கிறார்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நம் ஊர்க் காய்கறிக் கடையில் 'பாலக்' என்று கட்டிக் கொடுப்பது பல நேரம் ஸ்பினாசியாவே கிடையாது. இந்தியத் தோட்டக்கலைப் புத்தகங்களில் பாலக் என்றால் பீட்டா வல்காரிஸ், பெங்காலென்சிஸ் வகை. பீட்ரூட்டின் இலைக்காக வளர்க்கிற உறவு. 'ஆல் கிரீன்', 'பூசா ஜோதி', 'பூசா ஹரித்' என்பவை இதன் ரகங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'ஊட்டி 1' ரகமும் இதுதான். ஸ்பினாசியாவை அந்தப் புத்தகங்கள் 'விலாயதி பாலக்' என்று தனியாக எழுதுகின்றன. விதை வாங்கினால் சந்தேகம் தீரும்: பாலக் விதை பீட்ரூட் விதை மாதிரியே முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஒருமுறை விதைத்துப் பலமுறை அறுக்கலாம். சமையலுக்கு இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல நடந்துகொள்கின்றன என்பதால் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். பசலை அப்படி நடந்துகொள்வதில்லை.

பழி முழுவதும் தமிழ்க் குறிப்பு எழுதுகிறவர்கள் மேல் என்றும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரர்கள் போன இடத்தில் எல்லாம் வெந்தால் குழைகிற பச்சை இலையை 'ஸ்பினாச்' என்றார்கள். பாசெல்லாவுக்கு ஆங்கிலத்தில் மலபார் ஸ்பினாச், இந்தியன் ஸ்பினாச், சிலோன் ஸ்பினாச் என்று மூன்று பெயர். முன்னொட்டை உதறிவிட்டால் பசலை ஸ்பினாச் ஆகிவிடுகிறது. அதைத் திருப்பிப் போட்டால் ஸ்பினாச் பசலை. இலங்கைத் தமிழில் இந்தக் கொடிக்குப் பசளி என்று பெயர், பசளை என்றால் அங்கே உரம். அவர்கள் குறிப்பைப் படித்து இங்கே யாராவது பசளை போட்டுச் சமைக்காமல் இருந்தால் சரி.

ஒரு சொல் பிசகினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் கல். ஒரு மருத்துவமனையில் உணவுத்தாள் கொடுத்தார்கள். தாளின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். அப்பா தமிழ்ப் பக்கத்தைத்தான் படிப்பார். அதில் 'பசலைக்கீரை தவிர்க்கவும்' என்று இருந்தது. கொல்லையில் பந்தலில் கிடந்த பசலைக்கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டார். ராத்திரிச் சப்பாத்திக்குப் பாலக் கறி மட்டும் தொடர்ந்து நடந்தது, "இதுதான் அந்த லிஸ்ட்லயே இல்லியே" என்று. ஆங்கிலப் பக்கத்தில் இருந்தது ஸ்பினாச். ஆக்சலேட் அதிகம் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிய கீரை அது. அவருடைய மருத்துவர் தவிர்க்கச் சொல்ல நினைத்ததும் அதைத்தான். பசலையிலும் ஆக்சலேட் உண்டு, அவர் அதைச் சாப்பிடலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் தாள் சொல்ல வந்தது வேறு செடி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் ஸ்பினாச்சும் பாசெல்லாவும் தனித்தனி வரிசைகள். அட்டவணையைத் திறந்து பார்க்கிற பழக்கம் இருந்தால் பிரிந்திருக்கும்.

பார்க்காமல் பிரதி எடுப்பது இந்தக் கீரைக்குப் புதிது இல்லை. ஸ்பினாச்சில் இரும்புச் சத்து பத்து மடங்கு என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், காரணம் ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்தது, பாப்பாய் கார்ட்டூன் வந்ததே அதனால்தான் என்று ஒரு கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தசமப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லை என்று ஓலே பியோர்ன் ரெக்டால் 2014-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிழையைத் திருத்துவதாகச் சொன்ன ஆய்வாளர்களே ஒருவரை ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போது மொழிபெயர்ப்பு இயந்திரங்களும் வலையில் கிடக்கிற தமிழைத்தான் தின்று வளர்கின்றன. பாலக் என்றால் பசலை என்று ஆயிரம் பக்கம் சொன்னால் அதுவும் அப்படியே சொல்லும்.

இனி வினைச்சொல். எனக்கு இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் சரியான கீரையை வாங்கி வந்தவரும் இங்கே விழுகிறார்.

ஆலு பாலக்கின் உயிர் 'பூன்னா' என்ற சொல்லில் இருக்கிறது. உருதுவிலும் இந்தியிலும் பஞ்சாபியிலும் புழங்குகிற வினை. மசாலாவையோ இறைச்சியையோ கீரையையோ நல்ல தீயில் வைத்து, விடாமல் கிளறி, அதில் இருக்கிற தண்ணீரெல்லாம் போய், எண்ணெய் விளிம்பில் தலைகாட்டும் வரை புரட்டுவது. லாகூர்ப் பக்கத்து வீடுகளில் கீரையை இப்படித்தான் முடிக்கிறார்கள். கீரையை வெந்நீரில் போட்டு எடுத்து, அரைத்து, கிரீம் ஊற்றிப் பச்சைப் பசேல் என்று கொண்டுவந்து வைப்பது ஓட்டல் வேலை. வீட்டுக் கறி கரும்பச்சையாகச் சுருண்டு, உருளைக்கிழங்கின் மேல் ஒட்டிக்கொண்டு இருக்கும். பார்ப்பதற்கு அழகாக இருக்காது. படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு அதனால்தான் அது பிடிப்பதில்லை என்பது என் சந்தேகம்.

தமிழ்க் குறிப்புகளில் இந்த இடத்தில் என்ன இருக்கிறது? 'நன்கு வதக்கவும்.' அல்லது, இன்னும் மோசமாக, 'கீரை வெந்ததும் இறக்கவும்.' நாம் கீரையை வேக வைக்கிறவர்கள். மசிப்போம், கடைவோம், கூட்டு வைப்போம், பொரியல் என்றாலும் தண்ணீர் வற்றியதும் தேங்காய் தூவி இறக்கிவிடுவோம். பச்சை நிறம் போகக் கூடாது என்பது நம் கீரைச் சட்டியின் சட்டம். அதனால் 'கீரை வெந்ததும்' என்று படித்தால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கை தானாகவே அடுப்பை அணைக்கும். வந்து சேருவது உருளைக்கிழங்கு போட்ட கீரைக்கூட்டு. நல்லாத்தான் இருக்கும். ஆனால் அது ஆலு பாலக் இல்லை. பசலையைப் போட்டிருந்தால் இன்னும் சிக்கல், அதன் கொழகொழப்பு புரட்டப் புரட்ட இழைவிடும். வங்காளிகள் புய் ஷாக்கையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துச் சச்சடி செய்கிறார்கள். அங்கே அந்தக் கொழகொழப்பு வேண்டித்தான் செய்கிறார்கள், அதற்கு வேறு மசாலா, வேறு கை.

மொழிபெயர்க்கத் தமிழில் சொல் இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். 'சுருள வதக்கு' என்று நம் வீட்டுப் பெண்கள் தினம் சொல்கிறார்கள். தொக்கு என்ற பதமே அதற்குத்தான் இருக்கிறது. தக்காளித் தொக்கை இறக்கும் நேரம் எது என்று யாருக்கும் கடிகாரம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும், சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும். 'கீரையைத் தொக்குப் பதத்துக்குச் சுருள வதக்கவும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் திருக்காட்டுப்பள்ளியில் இருக்கிற என் அம்மாவும் லாகூரில் இருக்கிற ஒரு அம்மாவும் ஒரே இடத்தில் அடுப்பை அணைத்திருப்பார்கள். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' புத்தகத்துக்கு இன்றும் வீடுகளில் மரியாதை இருக்கிறதென்றால், அடுப்படிக்குப் புதிதாக வருகிற ஆளை நினைத்து, வீட்டில் புழங்குகிற சொல்லால் எழுதியதும் ஒரு காரணம். நம் சமையல் தளங்களின் தமிழ், ஆங்கிலக் குறிப்பின் தமிழ். 'ஸாட்டே'க்கும் வதக்கு, 'ஸ்டிர் ஃப்ரை'க்கும் வதக்கு, 'பூன்னா'வுக்கும் வதக்கு.

இந்தக் குறிப்புகள் எல்லாவற்றிலும் பொதுவான இன்னொரு பொய், நேரம். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். இது தமிழுக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. வெங்காயம் ஐந்து பத்து நிமிடத்தில் பழுப்பாக வதங்கும் என்று எழுதுகிற அமெரிக்கச் சமையல் எழுத்தாளர்களை 2012-இல் 'ஸ்லேட்' இதழில் டாம் ஸ்கோக்கா அடுப்பில் வைத்தே மடக்கினார். ஆலு பாலக்கிலும் அப்படித்தான். கீரை ஆய்கிற நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. (ஆய்வு என்ற சொல்லுக்கும் கீரை ஆய்வதற்கும் ஒரே வினைதான். முதல் ஆய்வுக் கட்டுரை முறத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.) படுகையிலிருந்து வருகிற கீரை என்றால் மணல் போக மூன்று தண்ணீர் அலச வேண்டும். என் கணக்கில் ஆய்வதற்குப் பதினைந்து நிமிடம், அடுப்பில் முப்பத்தைந்து நிமிடம். பாகிஸ்தான் வீடுகளில் இது 'அவசரக் கறி' என்றால், கறிக்குழம்பு கொதிக்கிற ஒன்றரை மணி நேரத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. அதைப் பிடுங்கிவந்து நிமிடக் கணக்காக்கியது நாம்.

அந்த ஒப்பீடு தெரிய வேண்டுமென்றால் அங்கே மரக்கறியின் இடம் தெரிய வேண்டும். கீரை என்றால் அங்கே முதலில் ஞாபகம் வருவது பாலக் கோஷ்த், இறைச்சி போட்ட கீரை. ஆலு பாலக் இறைச்சி இல்லாத நாளின் கறி. செவ்வாயும் புதனும் இறைச்சி விற்கக் கூடாது என்று அரசே உத்தரவு போட்டிருந்த காலம் உண்டு, கால்நடை எண்ணிக்கை குறையாமல் இருக்க. சாரா சுலேரி 1989-இல் எழுதிய நினைவு நூலின் தலைப்பே 'மீட்லெஸ் டேஸ்'. குளிர்பதனப் பெட்டி வைத்திருந்தவர்கள் திங்கட்கிழமையே வாங்கி அடுக்கிக்கொண்டதை அவர் கிண்டலாகச் சொல்கிறார். பெட்டி இல்லாதவர் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்ன வெந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இந்தக் கறியை 'ஹெல்தி சைட் டிஷ்' என்று தலைப்பிட்டு எழுதுகிறவர்களுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை தெரிவதில்லை.

குறை சொன்னவன் எழுதிக் காட்ட வேண்டும். நான் செய்து, அம்மா திருத்திய முறை இது.

பாலக் அரை கிலோ, அதாவது நடுத்தரமாக இரண்டு மூன்று கட்டு. ஆய்ந்து, அலசி, வடிகட்டி, பொடியாக நறுக்கிக்கொள்ளணும். உருளைக்கிழங்கு 300 கிராம், தோல் சீவி, சுண்டு விரல் நுனி அளவுக்குத் துண்டு. இருப்புச் சட்டியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். எண்ணெயைக் குறைத்தால் கடைசியில் பிரிந்து வர எதுவும் இருக்காது. ஒரு டீஸ்பூன் சீரகம் பொரிந்ததும் ஒரு பெரிய வெங்காயம், ஓரம் சிவக்கும் வரை. பிறகு தட்டின பூண்டு ஆறு பல். அடுத்து உருளைக்கிழங்கு, தக்காளிக்கு முன்னால். நான் பார்த்த குறிப்புகளில் பாதிக்கு மேல் தக்காளியை முதலில் குழைத்துவிட்டு அதில் கிழங்கைப் போடச் சொல்கின்றன. புளிப்பில் கிழங்கு சீக்கிரம் மெத்தாகாது. இதை நான் பெக்டின், அமிலம் என்று விளக்க ஆரம்பித்தபோது அம்மா பாதியிலேயே வெட்டிவிட்டாங்க: "புளி விட்டா காய் வேகாதுன்னு ஊருக்கே தெரியும். தக்காளி விட்டா மட்டும் வெந்துடுமாடா?"

கிழங்கு பாதி வெந்ததும் அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு தக்காளி. தக்காளி கரைந்ததும் கீரை முழுவதையும் சேர்க்கணும். சட்டி நிறைந்து வழிகிற மாதிரி இருக்கும், மூன்று நிமிடத்தில் கால் பங்காகிவிடும். அதனால் உப்பு அதற்கு அப்புறம்தான்; முன்னால் கண்ணளவில் போட்டால் கரிக்கும். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. கீரை விடுகிற தண்ணீரிலேயே கிழங்கின் மிச்சப் பாதி வேகும். மூட வேண்டாம். கிழங்கு வெந்ததும் தீயைக் கூட்டி, கரண்டியை ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து இழுத்துப் புரட்டணும். இங்கேதான் நம் கை அணைக்கப் பார்க்கும். அணைக்கக் கூடாது. இன்னும் எட்டுப் பத்து நிமிடம். பச்சை வாடை போய், நிறம் கறுத்து, எண்ணெய் ஓரத்தில் மின்னும். கடைசியில் காய்ந்த வெந்தயக்கீரை ஒரு சிட்டிகை நசுக்கிப் போடலாம். கசூரி மேத்தி என்று கடையில் விற்பதில் இருக்கிற கசூர், லாகூருக்குத் தெற்கே இருக்கிற ஊர்தான். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்றைக் கவனிக்கணும். இந்த முறையில் கீரைத் தண்ணீரைக் கொட்டுவது இல்லை, சட்டியிலேயே வற்ற வைக்கிறோம். வேக வைத்த தண்ணீரை வடித்தால் கரையக்கூடிய ஆக்சலேட் கொஞ்சம் அதோடு போகும். இதில் எல்லாம் உள்ளேயே நிற்கும். எங்கள் வீட்டில் அதனால் அப்பா தட்டுக்கு இது போவதில்லை.

திருக்காட்டுப்பள்ளியில் எல்லா நாளும் பாலக் கிடைக்காது. கிடைக்காத நாளில் அரைக்கீரை வாங்கிச் செய்கிறோம். தண்டை நீக்கி இலையை மட்டும் எடுத்தால் நன்றாகவே சுருண்டு வருகிறது; பாலக்கின் லேசான இனிப்பு இருக்காது, கொஞ்சம் மண் வாசனை கூடும். தண்ணீர் குறைவாக விடும் என்பதால் கிழங்கை முக்கால் வேக்காடு வேகவிட்டுக் கீரையைச் சேர்ப்பது நல்லது. முளைக்கீரை இதற்குச் சரிப்படவில்லை, குழைந்துவிட்டது. சிறுகீரையை இன்னும் பார்க்கவில்லை. சப்பாத்திக்குச் செய்ததை மறுநாள் மத்தியானம் அம்மா ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டாங்க. "தொக்கு மாதிரி இருக்கு, இன்னும் ரெண்டு நாள் தாங்கும் போல"ன்னாங்க. தாங்காது, கீரை என்பதால் அன்றைக்கே தீர்த்துவிட்டோம்.